சாட்சி சொன்னால் நாடு கடத்துவோம்: டி விசா, யு விசா வந்த கதை

1999 நவம்பர் 24. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரம். காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், சில ஆண்கள் சுருட்டிய கம்பளம் ஒன்றைத் தூக்கி வேனில் ஏற்றுவதைப் பார்க்கிறார். கம்பளத்தில் இருந்து ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த இன்னொரு பெண்ணையும் அதே வேனுக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். இவர் காரை நிறுத்தி இறங்கி, வழியில் வந்த இன்னொரு வண்டியை மறித்து, போலீசுக்குப் போன் செய்யச் சொல்கிறார். அன்று அவர் "நமக்கெதற்கு வம்பு" என்று போயிருந்தால் இந்த வழக்கே இல்லை.

கம்பளத்துக்குள் இருந்தது ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டம் வெல்வடம் கிராமத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி. உயிர் இருந்தது, பிழைத்துக்கொண்டாள். அவளுடைய 17 வயது அக்கா பிழைக்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் கருவியின் புகைப்போக்கி அடைத்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிரம்பியிருந்தது. பிணப் பரிசோதனையில் அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தது தெரிந்தது. இருவரும் தலித் குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் லக்கிரெட்டி பாலி ரெட்டி. அதே வெல்வடத்தில் பிறந்து, 1960இல் பொறியியல் படிக்க பெர்க்லி வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகளுக்கும் ஓர் இந்திய உணவகத்துக்கும் முதலாளி ஆனவர். ஊரில் பள்ளிக்கூடம் கட்டித் தந்த வள்ளல். மயிலவரத்தில் அவர் பெயரிலேயே ஒரு பொறியியல் கல்லூரி உண்டு. ஊருக்குள் அவரை எதிர்த்துப் பேச ஆள் இருந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய நாளிதழ்கள் இதை ஒரு விபத்து என்று எழுதிவிட்டுக் கடந்துபோயின. பெர்க்லி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்திய பத்திரிகைதான் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டது: பதினேழு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்? இரண்டு மாணவிகள் விசாரித்து, கொத்தடிமை உழைப்பு பற்றிய சந்தேகத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தார்கள். மாணவத் தோழர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பள்ளிப் பத்திரிகை என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

பிறகு தெரியவந்தவை இவை. சகோதரிகள் இருவரும், யாரோ ஒருவருடைய மகள்கள் என்று போலிக் குடும்பமாகக் காட்டப்பட்டு விசா வாங்கி அழைத்துவரப்பட்டவர்கள். இப்படி வேறு பலரும் கொண்டுவரப்பட்டு ரெட்டியின் வீடுகளிலும் உணவகத்திலும் வேலை செய்தார்கள். சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள்.

இவர்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நம்மூரில் கேட்பது போலவே அங்கும் கேட்டார்கள். யாரிடம் சொல்வது? போலீசிடம் போனால் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் தகப்பன் பெயரே பொய். அந்தப் பொய்யை உருவாக்கியவர் முதலாளி, ஆனால் அதைச் சுமந்து நிற்பவள் இந்தப் பெண். வாயைத் திறந்தால் குற்றவாளி யார் என்று தேடும் முன்பே அவளை விமானத்தில் ஏற்றிவிடலாம். இறங்கும் இடம் வெல்வடம். அங்கே பெற்றோர் இருப்பது யாருடைய செல்வாக்கின் கீழ்? மறுபடி அவருடையதுதான்.

அந்தப் பெண் செத்தபோது, இப்படிப்பட்டவர்களுக்கென்று அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. பதினோரு மாதம் கழித்து வந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் போலித் திருமணங்களைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டு வரும் பெண்ணுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் நிபந்தனையுடன் கூடிய தங்கும் உரிமைதான். அதன் முடிவில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மனு கொடுத்தால்தான் நிரந்தர உரிமை. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத் தெரியும். வீட்டுக்குள் அதன் அர்த்தம் வேறு. அடிக்கிற கணவனின் கையெழுத்து இல்லாமல் அவள் அந்த நாட்டில் இருக்க முடியாது. நிரந்தர உரிமைக்கான முதல் மனுவையே போடாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்களும் உண்டு. "போலீசுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்பது வெறும் மிரட்டலாக இருக்கவில்லை, சட்டமே அவன் கையில் கொடுத்த ஆயுதமாக இருந்தது.

பெண்கள் அமைப்புகள் போராடியதில் 1990இல், கொடுமைக்கு உள்ளான மனைவிக்குக் கூட்டு மனுவில் இருந்து விலக்கு கிடைத்தது. 1994இல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், கணவனுக்குத் தெரியாமல் அவளே தன் பெயரில் மனு கொடுக்கலாம் என்றது. 1996இல் அதற்கு ஒரு பாதுகாப்பும் வந்தது: கொடுமை செய்தவன் தரும் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அவளை நாடு கடத்தும் முடிவை எடுக்கக் கூடாது, அவள் மனு கொடுத்திருப்பதை வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் இதெல்லாம் குடியுரிமையோ நிரந்தர உரிமையோ உள்ளவரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு. வீட்டு வேலைக்காரிக்கு? தையல் தொழிலாளிக்கு? முதலாளி கணவன் இல்லையே.

தொழிலாளியின் பக்கத்தில் இன்னொரு சுவரும் இருந்தது. 1988இல் கோஸ்மின்ஸ்கி என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மிச்சிகனில் ஒரு பண்ணையில், மனவளர்ச்சி குன்றிய இரண்டு ஆண்களைக் கூலி கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிய வழக்கு அது. உடல்ரீதியான பலப்பிரயோகமோ சட்டத்தைக் காட்டி மிரட்டுவதோ இருந்தால்தான் கட்டாய அடிமைத்தனம், மனரீதியான நெருக்குதல் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். பண்ணையார் சாட்டையை எடுக்காமலேயே ஒரு சேரியை எப்படி அடக்கி வைத்திருந்தார் என்று நம் பாட்டன் பாட்டிகளைக் கேட்டால் அந்த நீதிபதிகளுக்கு விளக்கியிருப்பார்கள்.

இதற்கிடையில் 1995 ஆகஸ்ட் 2. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் எல் மான்ட்டே என்ற ஊர். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை அதிகாரிகள் விடியற்காலையில் சோதனை போட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, காவலாட்கள். உள்ளே 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். சிலர் ஏழு ஆண்டுகளாக உள்ளேயே இருந்தவர்கள். நாளுக்குப் பதினேழு பதினெட்டு மணி நேரம், அமெரிக்கக் கடைகளில் விற்கும் பெயர்பெற்ற உடைகளைத் தைத்தார்கள். கூலி மணிக்கு 2 டாலருக்கும் கீழ். ஓடிப்போனால் ஊரில் இருக்கும் குடும்பத்தைச் சும்மா விடமாட்டோம் என்பதுதான் முள்கம்பியை விட வலுவான வேலி.

மீட்டவர்கள் அவர்களை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? குடிவரவுத் துறையின் தடுப்புக்காவலுக்கு. கைதிகளின் உடுப்பை மாட்டிவிட்டு, கம்பிக்குப் பின்னால். ஒரு வேலியில் இருந்து இன்னொரு வேலிக்கு. அவர்கள்தான் வழக்கின் ஒரே சாட்சிகள், அவர்கள்தான் சட்டவிரோதமாக இருப்பவர்களும். லாஸ் ஏஞ்சலிஸின் தாய் சமூக அமைப்பினரும், ஜூலி சூ என்ற இளம் வழக்கறிஞரும் இரவும் பகலும் அந்த அலுவலக வாசலில் நின்றார்கள். ஒன்பது நாள் கழித்து விடுதலை கிடைத்தது. ஜூலி சூ பிற்காலத்தில் அமெரிக்காவின் பொறுப்புத் தொழிலாளர் அமைச்சராகவே இருந்தார்.

முதலாளிகள் 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆடை நிறுவனங்கள் மீது போட்ட வழக்கில் 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வந்தது. அந்த வழக்கில் தாய்லாந்துத் தொழிலாளர்களோடு, அதே முதலாளிகளின் வேறொரு பட்டறையில் வேலை செய்த லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களும் சேர்ந்து நின்றார்கள். ஒரு குழுவுக்கு மற்றதன் மொழி தெரியாது.

சரி, இந்த 72 பேரும் எந்தச் சட்டப்படி நாட்டில் தங்கினார்கள்? எஸ் விசா என்று ஒன்று 1994இல் வந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்தது அல்ல. போதைப்பொருள் கும்பல், பயங்கரவாதம் பற்றித் துப்பு கொடுப்பவர்களுக்காக, ஆண்டுக்கு சுமார் நூறு பேர் என்று ஒதுக்கியது. "காட்டிக்கொடுப்பவன் விசா" என்றே அதற்குப் பட்டப்பெயர். அடிமையாக இருந்த பெண்களைக் காப்பாற்ற, உளவாளிக்கான கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் என் வாதம் இருக்கிறது. பிறகு வந்த டி, யு விசாக்கள் இரண்டும் இந்த எஸ் விசாவின் தம்பிகள். அந்த எழுத்துகளுக்குத் தனி அர்த்தம் எதுவும் கிடையாது. சட்டப்பிரிவில் எஸ் உட்பிரிவுக்கு அடுத்து டி, அதற்கு அடுத்து யு, அவ்வளவுதான். ஆனால் எழுத்து வரிசையோடு குணமும் கூட வந்துவிட்டது. நீ அநீதிக்கு உள்ளானாய் என்பதற்காக உனக்குப் பாதுகாப்பு இல்லை, நீ எங்களுக்குப் பயன்படுவாய் என்பதற்காகப் பாதுகாப்பு.

2000 அக்டோபர் 28 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டும் வந்தன. டி விசா ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்களுக்கு, ஆண்டுக்கு 5,000 வரை. யு விசா, பட்டியலிட்ட குற்றங்களில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர்களுக்கு, ஆண்டுக்கு 10,000. குடும்ப வன்முறை, பாலியல் வன்கொடுமை, கொத்தடிமை, கொலை எல்லாம் பட்டியலில் உண்டு. சாட்சியைக் கலைப்பதும் அதில் ஒரு குற்றம். கோஸ்மின்ஸ்கி தீர்ப்பின் சுவரையும் அதே சட்டம் உடைத்தது. சட்ட நடவடிக்கையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதும், வேலையை விட்டால் தனக்கோ வேறு ஒருவருக்கோ பெருந்தீங்கு நேரும் என்று நம்பவைப்பதும் கட்டாய உழைப்பு என்ற குற்றம் ஆயின. வேலி தாய்லாந்தில் இருக்கலாம், வெல்வடத்தில் இருக்கலாம் என்று சட்டம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

பாலி ரெட்டி 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 97 மாதச் சிறை, 20 லட்சம் டாலர் இழப்பீடு. பல சிறுமிகளின் வாழ்க்கைக்கு இது போதுமா என்று கேட்டு அங்குள்ள தெற்காசிய இளைஞர்கள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள், தனி அமைப்பே கட்டினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் "இந்தியக் கலாச்சாரம்" என்று எழுதியபோது, இது கலாச்சாரம் இல்லை, சாதி என்று சொல்லவேண்டியிருந்தது. யாருடைய பிள்ளைகளைக் கேள்வி முறை இல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதை அமெரிக்கச் சட்டம் தீர்மானிக்கவில்லை, வெல்வடம் தீர்மானித்திருந்தது.

சட்டம் வந்தது, ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள்? டி விசாவுக்கு 2002இல் வந்தன. யு விசாவுக்கு 2007 செப்டம்பரில்தான். ஏழு ஆண்டுகள்! அதுவரை தற்காலிக நிவாரணம் என்று ஒரு கடிதத்தோடு காத்திருந்தார்கள். டி விசாவின் கதை வேறு மாதிரி. 5,000 இடம் இருந்தும் முதல் பத்தாண்டுகளில் எந்த ஆண்டும் ஆயிரம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அடைத்து வைக்கப்பட்டவருக்கு விசாவைப் பற்றி யார் போய்ச் சொல்வது?

இதெல்லாம் ஆவணம் இல்லாதவர்கள் கதை என்று நினைக்க வேண்டாம். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்கு இந்தியாவில் இருந்து சுமார் 500 வெல்டர்களும் ஃபிட்டர்களும் போனார்கள். கேரளத்துக்காரர்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. கிரீன் கார்டு கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஆளுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் டாலர் வரை ஏஜென்ட்டுகளுக்குக் கட்டினார்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று. கிடைத்தது பத்து மாதத் தற்காலிக விசா, அதுவும் அந்த ஒரு முதலாளிக்கு மட்டும் வேலை செய்யலாம் என்ற விசா. மிசிசிப்பி மாநிலம் பாஸ்ககூலாவில் ஒரு கொட்டகைக்கு 24 பேர். அதற்கு வாடகை என்று மாதம் 1,050 டாலர் பிடித்தம். 2007 மார்ச்சில், சங்கம் சேர்க்கப் பார்த்தவர்களைக் காவலாட்களை வைத்துப் பிடித்து ஊருக்கு ஏற்றிவிட முயன்றார்கள். அதில் ஒருவர் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார்.

2008 மார்ச்சில் நூறு பேருக்கு மேல் வேலையை விட்டு வெளியே வந்து, வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். வெளியே வந்த அந்த நொடியில் அவர்களுடைய விசா செத்துப்போனது. நேற்று வரை சட்டப்படி இருந்தவர்கள் இன்று நாடு கடத்தப்பட வேண்டியவர்கள். இந்த இடத்தில் டி விசா உண்மையிலேயே கைகொடுத்தது. பலர் அதன் மூலம் தங்கி, குடும்பத்தை அழைத்து, சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 2015இல் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் மன்றம் ஐந்து தொழிலாளர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் தரச் சொன்னது. இடையில் 2013இல், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதில் செய்யும் மோசடியும் யு விசாப் பட்டியலில் சேர்ந்திருந்தது.

2013இல் இன்னொன்றும் நடந்தது. அதைப் பேச நம் வட்டாரத்தில் பலருக்குச் சங்கடம். நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே டிசம்பர் 12 அன்று கைது செய்யப்பட்டார். வீட்டு வேலைக்கு அழைத்துவந்த பெண்ணின் சம்பளம் பற்றி விசா விண்ணப்பத்தில் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். தூதரக விலக்குரிமை காரணமாக வழக்கு விசாரணைக்கே வரவில்லை, ஆகவே உண்மை நீதிமன்றத்தில் தீரவில்லை. அவரை ஆடை களைந்து சோதித்தது அவமானகரமானது. அவர் தலித் என்பதால்தான் அரசு தாமதமாகப் பேசுகிறது என்று மாயாவதி சொன்னார். டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் இருந்த தடுப்புகளை அகற்றினார்கள், தொலைக்காட்சிகள் கொந்தளித்தன.

அந்தச் சத்தத்தில் வேலைக்காரப் பெண் எங்கே போனார்? இந்தியாவில் அவர் மீதுதான் பிடியாணை இருந்தது. அவரை வாயடைக்க இந்தியாவில் சட்ட நடவடிக்கை தொடங்கிவிட்டதால்தான் குடும்பத்தை முன்கூட்டியே அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தோம் என்றார் நியூயார்க் அரசு வழக்கறிஞர். சாட்சியின் குடும்பத்துக்குப் பழிவாங்கல் ஆபத்து இருந்தால் அவர்களையும் அழைக்கலாம் என்று 2008 திருத்தம் டி விசாவை விரித்திருந்தது. இதையெல்லாம் நம் நாட்டின் இறையாண்மைக்கு இழுக்கு என்றுதான் அன்று எழுதினார்கள். தலித் அதிகாரிக்கு நேர்ந்த அவமானத்தையும் வீட்டு வேலைத் தொழிலாளியின் கூலியையும் ஒரே மூச்சில் பேச நமக்கு வாய் வந்திருக்க வேண்டும். எனக்கும் அன்று வரவில்லை.

நம் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் அவரைச் சார்ந்தோரையும் சாட்சிகளையும் காப்பது அரசின் கடமை என்கிறது. பயன்பட்டால் காப்போம் என்ற பேரம் அதில் இல்லை. எழுத்தில் நம்முடையது உயர்ந்தது. நடப்பில் எத்தனை பேருக்கு மாவட்ட நிர்வாகம் இதைப் படித்துக் காட்டியிருக்கிறது என்று உங்கள் மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவின் பேரத்துக்கு இன்னொரு பூட்டும் உண்டு. யு விசா மனுவோடு, இவர் விசாரணைக்கு உதவினார் அல்லது உதவுவார் என்று காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். கையெழுத்துப் போட மத்தியச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பும் காவல் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே குற்றம், ஒரே மாதிரிக் காயம், ஒரு ஊர் போலீஸ் கையெழுத்துப் போடும், பக்கத்து ஊர் போலீஸ் "இது எங்கள் வழக்கம் இல்லை" என்று சொல்லிவிடும். அதைத் தாண்டினால் வரிசை. ஆண்டுக்கு 10,000 என்ற எண் 2000இல் எழுதியதுதான், இன்று வரை மாறவில்லை. முடிவுக்குக் காத்திருப்பவர்கள், குடும்பத்தினரைச் சேர்க்காமலேயே, 2 லட்சத்துக்கும் மேல். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்திலேயே வேலை செய்ய அனுமதி தரும் ஓர் ஏற்பாடு 2021இல் வந்தது. பூட்டைப் பொறுத்தவரை கலிபோர்னியா அசைந்தது. அங்கே 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், உதவிய ஒருவருக்குச் சான்றில் கையெழுத்துப் போடுவதை அதிகாரியின் கடமை ஆக்கியது. அந்தச் சட்டம் முதலில் வைத்த கெடு 90 நாள், நாடு கடத்தும் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால் 14 நாளாக இருந்தது. பெர்க்லியில் அந்தக் கம்பளத்தைப் பார்த்துக் கார் நின்று அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.